நாள்பட்ட களைப்பு நோயும் நரம்பியல் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்கு 2017ஆம் ஆண்டு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சுருக்கமாக எம்.இ. என்று அழைக்கப்படும் மயால்ஜிக் என்செபலோமயலிடிஸ், அதாவது பலர் நாள்பட்ட களைப்பு நோய்த்தொகுதி என்று குறிப்பிடும் நோய்தான் அது என்று தெரிவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின, ஏழு மருத்துவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு, இதே நோயுள்ள சில குடும்பங்களோடு சேர்ந்து, நரம்பியல் மருத்துவர்களை இந்த ஆய்வுக்குள் வரச் சொல்லிக் கேட்டு வருகிறேன். உறவினர்களிடமிருந்தும் மருத்துவ மாணவர்களிடமிருந்தும் சில சமயம் அந்த மருத்துவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். இந்தப் பக்கத்தைச் சிகிச்சை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

களைப்பு யாருக்குத்தான் இல்லை? அதற்குப் போய் ஒரு நோயின் பெயரா?

இந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதே அந்தப் பெயர்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1988இல் அதைச் சூட்டினார்கள். அன்று முதல், கேட்பவர் ஒவ்வொருவரும் தம் சொந்தக் களைப்பை நினைத்துக்கொண்டு "எனக்கும்தான்" என்கிறார். ஆனால் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட வரையறையின்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வை முடக்கும் களைப்பு, உழைப்புக்குப் பிந்தைய சரிவு, தூங்கி எழுந்தாலும் தெளியாத உடல் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றோடு சிந்தனைத் தடுமாற்றம், நிமிர்ந்து நின்றால் மோசமாகும் நிலை ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இவற்றில் உழைப்புக்குப் பிந்தைய சரிவுதான் இந்த நோயின் அடையாளம். என் தங்கை ஒரு வியாழக்கிழமை காலையில் தலைக்குக் குளித்தாள். அன்று மாலை வரை நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் சொற்கள் வாயில் வராமல் தடுமாறத் தொடங்கினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சன்னலுக்குக் குறுக்கே போர்வையைத் தொங்கவிட்ட அறையில், குக்கர் விசில் சத்தத்தைக்கூடத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். செய்த வேலைக்கும் விளைந்த சரிவுக்கும் இடையில் ஒரு நாள் இடைவெளி இருந்ததைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் களைப்பு இப்படி நடந்துகொள்வதில்லை.

கோவாவில் 2,494 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 12.1 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேலான களைப்பைக் கூறினார்கள். வறுமையும் மன உளைச்சலும் அதோடு சேர்ந்திருந்தன. அதுவும் கவனிக்க வேண்டிய துன்பம்தான், ஆனால் வேறு பொருள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஆய்வு செய்ததால் வீணான ஆண்டுகள் பல.

இது நரம்பு நோய் என்று யார் சொன்னது?

உலக சுகாதார நிறுவனம் 1969இலேயே மயால்ஜிக் என்செபலோமயலிடிஸை நரம்பு மண்டல நோய்களின் பகுதியில் வைத்தது. பத்தாவது நோய்ப் பட்டியலில் ஜி93.3 என்ற எண்ணிலும், பதினொன்றாவது பட்டியலில் 8இ49 என்ற எண்ணிலும் அது இன்றும் அதே பகுதியில் இருக்கிறது. நோயாளிகள் கூறும் தொல்லைகளைப் பாருங்கள்: சொல் மறதி, கவனச் சிதைவு, தூக்கக் கோளாறு, ஒளியும் ஒலியும் தாங்காமை, நின்றால் நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத வலி. இவற்றில் நரம்பியல் மருத்துவரின் வாசலுக்கு வராத ஒன்றையும் நான் காணவில்லை.

இருந்தாலும், பட்டியலில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது நோயின் காரணத்துக்கு ஆதாரம் ஆகாது. நரம்பு மண்டலத்தில் கோளாறு தெரிகிறது என்பது வேறு, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது வேறு. இரண்டாவதை இன்னும் யாரும் நிறுவவில்லை. மருத்துவரிடம் பேசும்போது இந்த வேறுபாட்டை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

அப்படியானால் நரம்பியல்காரர்கள் ஏன் இதைக் கைவிட்டார்கள்?

இந்த நோய் அவர்கள் வீட்டில்தான் பிறந்தது. 1934இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பொது மருத்துவமனையில் போலியோப் பரவல் நடந்துகொண்டிருந்தபோது, மருத்துவர்களும் செவிலியர்களுமாக ஏறத்தாழ 200 ஊழியர்கள், போலியோவைப் போலத் தோன்றினாலும் போலியோ அல்லாத ஒரு நோயில் விழுந்தார்கள். 1948இல் ஐஸ்லாந்தின் அக்குரேரி ஊரிலும் அதே கதை. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் நோயுற்று, ஜூலை இறுதி முதல் அக்டோபர் வரை மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. அங்கே பலரிடம் தசை பலவீனம், உணர்வுக் குறைபாடு, தலை நரம்புக் குறிகள் ஆகியவை பதிவாயின. மூளை, தண்டுவட அழற்சியைக் குறிக்கும் அந்த நீண்ட பெயர் அதற்கு அடுத்த ஆண்டு வழக்குக்கு வந்தது.

பிறகு 1970இல் மெக்எவடி, பியர்டு என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ராயல் ஃப்ரீயின் பழைய நோயாளிக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, நோயாளிகளைப் பரிசோதிக்காமலேயே, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. செவிலியர்கள் நிறைந்த மருத்துவமனையில் வேறு யார் மிகுதியாக இருப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பரவலை நேரில் பார்த்த தொற்றுநோய் மருத்துவர் மெல்வின் ராம்சே அதைக் கடைசி வரை ஏற்கவில்லை. ஆனால் கருத்து நிலைத்துவிட்டது. அதன் மேல் 1988இல் வந்த புதிய பெயரில் நரம்பு மண்டலத்தைப் பற்றிய குறிப்பே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது குற்றச்சாட்டு ஆகாது. நரம்பியல் என்பது குறியைக் கண்டு இடத்தைச் சொல்லும் துறை. சுத்தியலால் முழங்காலைத் தட்டினால் கால் சரியாக எழுகிறது, எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கிறது, நரம்பு மின்னோட்டச் சோதனையும் சரி என்றால், அந்த மருத்துவரின் கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. அவர் நோயாளியை வேறு துறைக்கு அனுப்புகிறார். எங்களை அனுப்பிய மூவரும் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்துவிட்டதே, பிறகு மூளையில் என்ன கோளாறு இருக்க முடியும்?

வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். நார்கோலெப்ஸி என்ற தூக்க நோயில், ஹைப்போதலாமஸ் பகுதியில் ஓரெக்சின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் சில பத்தாயிரம் செல்கள் அழிந்திருக்கின்றன என்பது, இறந்த சிலரின் மூளைகளைப் பார்த்த பிறகு 2000ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது, எந்த எம்.ஆர்.ஐ.யும் அதைக் காட்டியிருக்காது. நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் 2007இல் விவரித்த, உடலின் எதிரணுக்களே மூளையைத் தாக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதற்கு முன் அந்த நோயோடு வந்த இளம் பெண்கள் பலர் மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். சரியான எதிரணுச் சோதனை வந்த பிறகு அவர்கள் நரம்பியல் நோயாளிகள் ஆனார்கள்.

எம்.இ. நோயில் படுத்திருக்கும் நிலையில் எடுக்கப்படும் படத்துக்கு ஒரு தனிக் குறையும் உண்டு. நெதர்லாந்தில் வான் காம்பென், விஸ்ஸர் என்ற இரு இதயநோய் மருத்துவர்கள், 429 நோயாளிகளைச் சாய்த்து நிமிர்த்தக்கூடிய மேசையில் நிமிர்த்தி, கழுத்து இரத்தக் குழாய்களின் ஓட்டத்தை டாப்ளர் என்ற ஒலியலைக் கருவியால் அளந்து 2020இல் வெளியிட்டார்கள். மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் ஆரோக்கியமானவர்களுக்கு 7 சதவீதம் குறைந்த இடத்தில், நோயாளிகளுக்குச் சராசரியாக 26 சதவீதம் குறைந்தது. படுக்க வைத்துப் பார்த்தால் தெரியாத ஒன்று, நிற்க வைத்தால் தெரிகிறது.

இதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்து பார்க்கும்படி ஒரு மருத்துவர் எங்களிடம் சொன்னார். பத்து நிமிடம் படுத்திருந்த பின் தங்கையின் நாடித்துடிப்பு 72. குதிகாலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, தோள் மட்டும் சுவரில் சாய நிற்க வைத்தோம். எட்டாவது நிமிடத்தில் 118; இரண்டு பாதங்களும் பீட்ரூட் நிறத்துக்கு மாறியிருந்தன. ஒன்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். மயக்கம் வரக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். செய்தாலும் தாங்கிப்பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதுவரை நரம்பு மண்டலத்தில் உருப்படியாக எதையாவது கண்டிருக்கிறார்களா?

மேலே சொன்ன இரத்த ஓட்டக் குறைவு ஒன்று. பாஸ்டனில் டேவிட் சிஸ்ட்ராம் என்ற நுரையீரல் மருத்துவரின் குழு, உழைப்பைத் தாங்க முடியாத எம்.இ. நோயாளிகளின் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் நுண் நரம்பிழைகள் குறைந்திருந்தன. இரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்லும் இழைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. பிரைட்டனில் 2005இல் இறந்த ஓர் இளம் நோயாளியின் மரண விசாரணையில், தண்டுவடத்தின் பின்வேர் நரம்பு முடிச்சுகளில் அழற்சி இருந்தது பதிவாயிற்று.

உறுதியாகாதவற்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 2014இல் 9 நோயாளிகளுக்கு பெட் ஸ்கேன் எடுத்து மூளை அழற்சியின் தடயங்களைக் கண்டதாக ஓர் ஆய்வு வெளியானது. உலகமெங்கும் நோயாளிகள் அதைப் பகிர்ந்தார்கள். பின்னர் நெதர்லாந்தில் வேறொரு குழு அதே முறையைக் கையாண்டபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. இன்றும் ஜப்பான் ஆய்வை மட்டும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விவரம் அறிந்த மருத்துவர் மற்றதையும் படித்திருப்பார். நம்மீதான நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

இந்தப் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. மூளை இரத்த ஓட்டத்தை அளந்தவர்கள் இதய மருத்துவர்கள், நரம்பிழையைத் தேடியவர் நுரையீரல் மருத்துவர். நரம்பியல்காரரின் வேலையை அண்டை வீட்டுக்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கடன் வாங்கிய கருவி இருக்கிறது. ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரை எடுத்துப் படிக்கும் பழக்கமும், ஒரு குறியைப் பார்த்து அது மூளைத்தண்டிலா, புற நரம்பிலா என்று பிரிக்கும் பயிற்சியும் நரம்பியல்காரரிடம்தான் இருக்கின்றன.

அமெரிக்க அரசின் ஆய்வே "இவர்களுக்கு முயற்சி இல்லை" என்று சொல்லிவிட்டதாமே?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2015இல் இந்த நோயின் பொறுப்பைத் தங்கள் நரம்பியல் நிறுவனத்திடம் ஒப்படைத்தன. இந்தியாவில் மருத்துவம் படித்த நரம்பியல் வல்லுநர் அவிந்திர நாத் தலைமையில், தொற்றுக்குப் பின் நோயுற்ற 17 பேரையும் ஆரோக்கியமான 21 பேரையும் பல நாட்கள் மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் முடிவு வெளியானது. தண்டுவட நீரில் டோபமைன் குடும்ப வேதிப்பொருள்கள் குறைந்திருந்தன. கைப்பிடியை அழுத்தும் சோதனையின்போது மூளையின் வலது டெம்போரோ-பரைட்டல் சந்திப்பில் செயல்பாடு குறைந்தது. நோய் எதிர்ப்பு பி செல்களில் மாற்றம் இருந்தது.

சர்ச்சை எழுந்தது ‘முயற்சித் தெரிவு’ என்ற சொல்லால். எளிய வேலை, கடின வேலை இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பொத்தானை வேகமாக அழுத்த வேண்டிய ஒரு சோதனையில், நோயாளிகள் கடினமானதைக் குறைவாகத் தேர்ந்தார்கள். கடின வேலையை அவர்களில் பலரால் முடிக்கவே இயலவில்லை என்னும்போது, அதை விருப்பம் என்று அழைப்பது பொருந்துமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அது மனம் சார்ந்த சோம்பல் என்று தாங்கள் சொல்லவில்லை, மூளை தன்னறிவின்றிச் செய்யும் கணக்கைத்தான் குறிக்கிறோம் என்பது ஆய்வாளர்களின் நிலை. என் கருத்தில் அந்தச் சொல் தவறான தேர்வு. 17 பேரை வைத்து அவ்வளவு தூரம் போயிருக்கவும் கூடாது. ஆனால் தண்டுவட நீரின் முடிவு வேறொரு குழு பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு சொல்லுக்காக அந்த ஆய்வு முழுவதையும் தூக்கியெறிவது நமக்குத்தான் நட்டம்.

ஒரு நரம்பியல் மருத்துவர் வேறு நூறு நோய்கள் இருக்கும்போது எதற்காக இதற்கு வர வேண்டும்?

இரக்கத்துக்காக வருவார் என்று எதிர்பார்த்தால் ஒரு நாள் வருவார். ஆய்வுக்கு அது போதாது. ஆய்வாளரை இழுப்பது விடை தெரியாத, ஆனால் விடை காணக்கூடிய ஒரு கேள்வி. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதாக 2022இல் வெளியிட்டார்கள். ஒரு சாதாரணக் காய்ச்சல் வைரஸ் பல ஆண்டுகள் கழித்து நரம்பு நோயாக விளையலாம் என்பது இன்று நரம்பியலின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்ட சிந்தனை. அதே வைரஸ் தரும் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு எம்.இ. வருகிறது. ஒரே வைரஸ் இரண்டு வேறு பாதைகளில் ஏன் போகிறது என்பது இளம் ஆய்வாளர் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய கேள்வி.

கோவிட்டுக்குப் பிறகு நீண்ட காலம் நோயுற்றவர்களில் ஒரு பகுதியினர் எம்.இ. வரையறைக்குள் வருகிறார்கள் என்பதும் புதிய வாய்ப்பு. ஏனெனில் அவர்களுடைய நோய் எந்த வைரஸால், எப்போது தொடங்கியது என்பது தெரியும். பழைய நோயாளிகளிடம் இந்த இரண்டும் பெரும்பாலும் தெரியாது.

பணம் இல்லாததுதானே உண்மையான காரணம்?

பெரிய காரணம்தான். அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசினின் 2015 அறிக்கை கணித்தது. அந்த நாட்டு அரசு இதற்கு ஒதுக்கி வந்த ஆய்வுத் தொகை ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி டாலர். ஆளுக்குச் சில வேளைக் காப்பிச் செலவுக்குப் பக்கமாக வரும். ஆனால் பணம் தருபவர்கள் தரமான விண்ணப்பங்கள் குறைவு என்கிறார்கள், விண்ணப்பிக்க வேண்டியவர்கள் பணம் வராது என்று எழுதுவதில்லை.

இந்தச் சுழலை உடைக்க 2017இல் கொலம்பியா, கார்னெல், ஜாக்சன் ஆய்வகம் என மூன்று கூட்டு மையங்களுக்கு நிதி அளித்தார்கள். அவற்றைத் தலைமை தாங்கியவர்களைப் பார்த்தால் வைரஸ் வேட்டையில் பெயர் பெற்றவர், தாவர மூலக்கூறு உயிரியலிலிருந்து வந்தவர், நோய் எதிர்ப்பியல் வல்லுநர் என்றுதான் இருக்கிறது. நரம்பியல் நிறுவனம் பணம் கொடுத்தும் நரம்பியல்காரர் தலைமைக்கு வரவில்லை. பணம் மட்டும் போதும் என்றிருந்தால் வந்திருப்பார்கள்.

நடைப்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். அது சரிதானே?

படிப்படியாக ஏற்றப்படும் உடற்பயிற்சி போன்ற சிகிச்சைகளை 641 பேரிடம் ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான பேஸ் சோதனை வலுப்படுத்திய கருத்து அது. வெற்றி என்பதன் அளவுகோல் சோதனைக்கு இடையில் மாற்றப்பட்டிருந்தது. தரவைப் போராடிப் பெற்று, முதலில் அறிவித்த அளவுகோலின்படி 2018இல் மறுகணக்கு போட்டபோது பலன் பெருமளவு சுருங்கிவிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி, படிப்படியாக ஏற்றப்படும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்று கூறிவிட்டது. முதல் கேள்வியில் சொன்ன வியாழக்கிழமைக் குளியலை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும்.

நரம்பு நோய் என்று வற்புறுத்துவது, மனநோய் என்றால் அவமானம் என்று நினைப்பதால்தானே?

நேர்மையாகச் சொன்னால், சிலரிடம் அந்த எண்ணம் இருக்கிறது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கோபப்பட்டேன். மனச்சோர்வும் மூளையில் நடக்கும் நோய்தான், அதற்கு மருந்து உண்டு, எம்.இ. உள்ளவருக்கு அதுவும் சேர்ந்து வந்தால் தயங்காமல் பார்க்க வேண்டும். படுக்கையில் ஆறு ஆண்டு கிடப்பவருக்கு அது வராமல் இருந்தால்தான் வியப்பு.

இரண்டையும் பிரிக்கச் சொல்வது சிகிச்சை மாறுவதால்தான். மனச்சோர்வு உள்ளவருக்குச் செய்ய விருப்பம் இல்லை, செய்தால் சற்றுத் தேறுகிறார். என் தங்கைக்கு ஆசைப் பட்டியல் நீளமாக இருக்கிறது, செய்தால் விழுகிறாள்.

கோளாறு நோய் எதிர்ப்பு மண்டலத்தில் என்றால் நரம்பியல் டாக்டர் எதற்கு? இம்யூனாலஜிஸ்ட் போதாதா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும் தாக்குவது நோய் எதிர்ப்பு மண்டலம்தான். ஆனாலும் அந்த நோயைக் கண்டறிவதும் கண்காணிப்பதும் நரம்பியல் மருத்துவர்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பான்டிங் தலைமையிலான டீகோட்எம்இ குழு, 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் முதற்கட்ட முடிவை வெளியிட்டது. மரபுத்தொகுதியில் எட்டு இடங்களில் வேறுபாடு தெரிந்தது. அந்த இடங்களில் இருக்கும் மரபணுக்களில் சில தொற்றை எதிர்க்கும் பணியோடும், சில நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. ஒன்று நாள்பட்ட வலியோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டது. இரண்டு துறைக்கும் வேலை இருக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

முன்பும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி ஏமாற்றினார்களே, மறுபடியும் அப்படி ஆகாதா?

நீங்கள் குறிப்பிடுவது எக்ஸ்.எம்.ஆர்.வி. விவகாரம். 2009இல் சயன்ஸ் இதழில் 101 நோயாளிகளில் 68 பேரிடம் அந்த வைரஸைக் கண்டதாக எழுதினார்கள். அது ஆய்வகக் கலப்படம் என்று தெரிந்து 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் பின் இந்தத் துறைப் பக்கம் வரவே பல நல்ல ஆய்வாளர்கள் கூச்சப்பட்டார்கள்.

எதிர் உதாரணம் நார்வேயில் இருக்கிறது. பெர்கன் நகரின் ஃப்ளூகே, மெல்லா என்ற இரு புற்றுநோய் மருத்துவர்கள், தங்கள் லிம்போமா புற்றுநோயாளி ஒருவருக்குக் கீமோதெரபிக்குப் பின் அவருடைய எம்.இ. தொல்லைகளும் தணிந்ததைக் கவனித்தார்கள். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைச் சிறு குழுக்களில் முயன்றபோது பலன் தெரிந்தது. பிறகு 151 பேரை வைத்து முறையான சோதனை செய்தார்கள். போலி மருந்தைவிட அது மேல் இல்லை என்று 2019இல் தாங்களே வெளியிட்டார்கள். அதற்குப் பின்னும் துறையை விட்டுப் போகாமல், 2025இல் டாராட்டுமுமாப் என்ற வேறு மருந்தைப் 10 பெண்களிடம் முயன்று, 6 பேருக்கு முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அதிலிருந்து இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய இயலாது. ஆனால் தோல்வியை அச்சிட்டுவிட்டு அடுத்த சோதனைக்குப் போகும் அந்தக் குணமுள்ள பத்து நரம்பியல்காரர்கள் கிடைத்தால் போதும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

சரி, ஒரு நரம்பியல் மருத்துவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

நாற்பது பக்கக் கோப்பை நீட்டாதீர்கள். நான் நீட்டியிருக்கிறேன், அவர் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். ஒரே பக்கம் போதும்: நோய் தொடங்கிய தேதி, எந்தக் காய்ச்சலுக்குப் பின், சரிவு எத்தனை மணி நேரம் கழித்து வருகிறது, படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் நாடித்துடிப்பு. எண்ணைப் பார்த்தால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நேரில் கண்டிருக்கிறேன். "நீங்கள் ஏன் எங்களைக் கைவிட்டீர்கள்" என்று தொடங்கும் கடிதத்துக்கு இதுவரை பதில் வந்ததில்லை.

யாரிடம் போகிறோம் என்பதும் முக்கியம். பக்கவாதச் சிகிச்சையில் மூழ்கியிருப்பவரைவிட, தானியங்கி நரம்பு மண்டலம், தூக்கம், ஒற்றைத் தலைவலி, நரம்பு எதிர்ப்பியல் ஆகியவற்றில் ஈடுபாடுள்ளவர்கள் எளிதில் காது கொடுப்பார்கள், எம்.ஆர்.ஐ.யில் தெரியாத நோய்கள் அவர்களுக்கு அன்றாடம். மேற்படிப்பு மாணவர்களை மறக்காதீர்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைபவர்கள் அவர்கள்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஆய்வுக்கு எப்படிக் கூட்டிப் போவது? போனால் மோசமாகிவிடாதா?

ஆகிவிடும். ஆய்வு மையத்துக்குப் பயணம் செய்ய இயன்றவர்கள் மட்டுமே ஆய்வில் இருக்கிறார்கள். அதனால் இந்த நோயின் கடுமையான முகம் தரவுகளில் ஏறக்குறைய இல்லை. டீகோட்எம்இ குழு உமிழ்நீர்க் குப்பியைத் தபாலில் அனுப்பி இதைச் சமாளித்தது. தண்டுவட நீரை அப்படி எடுக்க முடியாது. உழைப்பு நாளையும் மறுநாளையும் ஒப்பிடும் இரண்டு நாள் மிதிவண்டிச் சோதனை சரிவை மிகத் தெளிவாகக் காட்டும் ஒன்று. அதே சோதனை நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளக்கூடும். அந்த விலையை முன்கூட்டியே சொல்லாமல் ஒப்புதல் வாங்குவது முறையல்ல. வீட்டுக்கு வந்து அளக்கும் கருவிகளும், இறந்த பின் மூளையைக் கொடையளிக்கும் ஏற்பாடும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் ஊர் டாக்டரால் என்ன செய்ய முடியும்?

விலையுயர்ந்த ஸ்கேன் இல்லாமலேயே செய்யக்கூடிய, உலகுக்கே பயன்படும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற நாட்டுப்புற ஊரில், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தொற்றிய 253 பேரைக் காய்ச்சல் காலத்திலிருந்தே பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து 12 சதவீதம் பேர் இன்னும் முடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இந்த நோயின் வரையறைக்குள் வந்தார்கள். யாருக்கு வரும் என்பதை முன்னறிவித்தது தொடக்கக் காய்ச்சலின் கடுமை. அவர்களுடைய மனநிலையோ கிருமியின் வகையோ பெரிதாக முன்னறிவிக்கவில்லை.

அந்த ராஸ் ரிவர் வைரஸ் நம் சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவு. 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா வீடு வீடாகப் படுக்க வைத்தது. மூட்டுவலி பற்றிப் பேசினோம், வலி போன பிறகும் எழாதவர்களை யாரும் எண்ணவில்லை. டெங்கு ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வருகிறது. ஒரு மாவட்ட மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறை, காய்ச்சல் வார்டிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கூப்பிட்டு விசாரித்து, தேறாதவர்களை மட்டும் வரவழைத்துப் பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து நிற்க வைத்து நாடியைக் குறித்தாலே ஓர் ஆய்வுக்கட்டுரை கிடைக்கும். தேவைப்படுவது ஒரு கட்டில், இரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் நாடிமானி, தொலைபேசிக்குப் பணம், பொறுமையுள்ள ஒரு மாணவர். மழைக்காலம் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிட வேண்டும். அதற்கே நான்கு மாதம் பிடிக்கிறது என்று எங்களிடம் பேசிய மருத்துவர் சொன்னார். ஆகவே இந்த வேலையைக் கோடையிலேயே தொடங்க வேண்டியிருக்கும்.